மாஸ்க் வாங்குவதற்கு முன்னால்: இறால் ஆலையில் அமோனியா

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். குளிரூட்ட அமோனியா, சுமார் 3 டன். கழுவுவதற்கும் வாசல் கால்தொட்டிக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச் திரவம்), கழிவறைக்கு ஆசிட், இறால் கறுக்காமல் இருக்க மெட்டாபைசல்பைட். போன மாதம் கம்ப்ரஸர் ஆயில் வடிக்கும்போது அமோனியா வெளியேறி, தோல் உரிக்கும் கூடத்தில் நாலு பெண்களுக்கு மூச்சுத் திணறல். "எல்லாருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் முதலாளி. அது போதுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: மாஸ்க் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போதாது. தோல் உரிக்கும் பெண்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியவர்கள் இல்லை. நெடி வந்ததும் வெளியே போக வேண்டியவர்கள். துணி மாஸ்க்கும் மருந்துக்கடை மாஸ்க்கும் அமோனியாவைத் தடுக்காது. அமோனியாவுக்கென்றே செய்த வடிகட்டி மாட்டிய முகமூடிக்கும் எல்லை உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு ஏற்ற சராசரி அளவு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. 300 பிபிஎம் என்றால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மேல் முதுகில் காற்று சிலிண்டர் சுமக்கும் முகமூடிதான். கம்ப்ரஸர் அறையில் ஒரு குழாய் உடைந்துவிட்டால் இந்த அளவை எட்ட அதிக நேரம் ஆகாது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? பாதுகாப்பு ஆய்வு என்றாலே ரசாயனங்களின் பட்டியல் போட்டு ஃபைலில் வைப்பது வழக்கம். அது இருக்கட்டும். நான் கேட்பது இன்னொரு பட்டியல். உங்கள் ஆலையில் ரசாயனம் எங்கெங்கே திறக்கப்படுகிறது, யார் கையால், எத்தனை மணிக்கு, அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஆலையைச் சுற்றுங்கள், இரவு ஷிப்ட் உட்பட. குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுவதும் உண்டுதான், முக்கியமாகக் காப்புறைக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல். ஆனாலும் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் ஒரு வால்வைத் திருகிய நேரத்தில்தான் நடந்தன.

உங்கள் ஆயில் விவகாரமே அப்படித்தான். கம்ப்ரஸர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்விடும். திரவ அமோனியாவைவிட ஆயில் கனம், அதோடு கலக்கவும் கலக்காது, அதனால் கலனின் அடியில் தங்கும். அங்கே குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி ஆயில் இறுகிப் போயிருக்கும். வடிப்பவர் வால்வைத் திறக்கிறார், ஒன்றும் வரவில்லை. இன்னும் திறக்கிறார், அப்பவும் இல்லை. இன்னும் ஒரு சுற்று. அடைப்பு சட்டென்று விலகுகிறது. அதன் பின்னால் திரவ அமோனியா பீறிட்டு அடிக்கிறது. அந்த நேரத்தில் வால்வை மூட அவர் கை அங்கே இருக்காது, ஓடியிருப்பார்.

இதற்காகத்தான் ஸ்பிரிங் வால்வு. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும். சாதாரண வால்வுக்கு அடுத்ததாக, வெளி முனையில் அது இருக்க வேண்டும். ஓர் ஆலையில் அந்த ஸ்பிரிங் வால்வின் பிடியைக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். "கை வலிக்குது சார், அரை மணி நேரம் பிடிக்கணும்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் கோபம் வரவில்லை. அரை மணி நேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் ஆயிலைச் சூடேற விடாமல் வடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் வந்து சேரும் பானையைக் கலனிலிருந்து தனியாகப் பிரித்து, அதிலிருக்கும் அமோனியாவைச் சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரஸர் அமோனியாவை உறிஞ்சும் பக்கம்) போக விட்டு, பானை அறை வெப்பத்துக்கு வந்தபின் வடித்தால் ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு பேர் நிற்க வேண்டும், இருவருக்கும் முகமூடியும் கையுறையும் வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போகக் கூடாது.

அடுத்து ஹைப்போ. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, வீட்டிலும் பாட்டிலில் இருக்கிறது என்பதால். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில், கோதுமை ஸ்டார்ச்சும் ஆல்கஹாலும் தயாரிக்கும் ஆலைக்கு ஒரு லாரி கந்தக அமிலம் வந்தது. அமிலத் தொட்டியின் குழாய் முனையும் ஹைப்போ தொட்டியின் குழாய் முனையும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க ஒரே மாதிரி. ஹோஸ் தவறான முனையில் மாட்டப்பட்டது. அமிலமும் ஹைப்போவும் கலந்து கிளம்பிய குளோரின் மேகம் ஊருக்குள் போனது. 140-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை தேடி வந்தார்கள். உங்களிடம் லாரி இல்லை, கேன்தான். ஆனால் ஹைப்போ கேனும் ஆசிட் கேனும் ஒரே நீல நிறத்தில் ஒரே மூலையில் நிற்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். மெட்டாபைசல்பைட் இவை இரண்டோடும் சேராது: ஆசிட் பட்டால் சல்பர் டை ஆக்சைடு கிளம்பும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து, ஹைப்போவோடு சேர்ந்தால் கொதிக்கும். மூன்றும் மூன்று இடத்தில், தனித்தனிக் குவளையோடு இருக்க வேண்டும். கழிவறைக்கு ஆசிட்டே வேண்டாம் என்பது என் கட்சி. சோப்பும் பிரஷ்ஷும் போதும்.

இனி, கசிந்துவிட்டால் என்ன? 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து 20-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 2021 ஜனவரி 28, ஜார்ஜியா மாநிலம், கெயின்ஸ்வில் ஊரில் ஒரு கோழி இறைச்சி ஆலை. அங்கே உறைய வைக்க திரவ நைட்ரஜன். அளவு பார்க்கும் சிறு குழாய் ஒன்று வளைந்து போனதால் திரவம் நிரம்பி வழிந்து, அறையிலிருந்த ஆக்சிஜன் இல்லாமல் போனது. ஆறு பேர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்கள் இருவர். மற்ற நால்வரும் அவர்களைத் தேடி உள்ளே போனவர்கள். அவசர நிறுத்தப் பொத்தான் ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தது. உங்கள் கம்ப்ரஸரை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது? கம்ப்ரஸர் அறைக்குள் மட்டும்தான் என்றால், இந்த மாதமே வெளியேயும் ஒன்று போடுங்கள்.

வெளியேறும் விஷயத்தில் காற்று முக்கியம். அமோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று நம்பாதீர்கள். திரவமாகப் பீறிடும்போது குளிர்ந்த மூடுபனியாகத் தரையோடு ஊரும், அதுவும் உங்கள் கடற்கரை ஈரக் காற்றில். ஆடியில் கச்சான் அடிக்கும், கார்த்திகையில் வாடை. எல்லாரும் கூடுகிற இடம் ஒன்றே ஒன்று என்று வைத்தால், வருடத்தில் சில மாதம் கசிவு நேராக அங்கேதான் போகும். எதிரெதிர்த் திசையில் இரண்டு இடம் வையுங்கள். கூரை மேல் ஒரு காற்றுத்திசைப் பை, விளக்கோடு. ஒடியா பேசும் பெண்கள் இருந்தால் அறிவிப்பு ஒடியாவிலும் வேண்டும். பின்கதவைத் திருட்டுக்குப் பயந்து இரவில் பூட்டுகிறார்களா என்று நீங்களே போய் இழுத்துப் பாருங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஆவியின் மேல் தண்ணீரைத் தூவினால் கரைத்துக்கொள்ளும், நல்லது. தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் அது இன்னும் வேகமாக ஆவியாகும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர், அப்புறம்தான் ஆம்புலன்ஸ் ஏற்றுவது. உடை உறைந்து தோலோடு ஒட்டியிருந்தால் நனைத்துத் தளர்த்துங்கள், உரிக்காதீர்கள்.

முதலாளியிடம் போகும்போது, "நம்மிடம் கொஞ்சம்தானே இருக்கிறது, சட்டமே நம்மைப் பிடிக்காது" என்பார். 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளில் அமோனியாவுக்கான வரம்பு 60 டன். உங்கள் 3 டன் அதற்குக் கீழேதான். ஆனால் தொழிலாளர் பாதுகாப்புக்கான சட்டத்துக்கு அந்த வரம்பு கிடையாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது போன மாதம் நாலு பேருக்கு என்ன ஆயிற்று என்றுதான்.

மாஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த வரிசையில் வாங்குங்கள்: ஸ்பிரிங் வால்வு, வெளிப்பக்கப் பொத்தான், கம்ப்ரஸர் அறைக்கும் கூடத்துக்கும் ஒவ்வொரு வாயு உணர்கருவி, கண் கழுவும் குழாய், காற்று சிலிண்டர் முகமூடி இரண்டு. சிலிண்டர் முகமூடி எப்போதும் ஜோடியாகத்தான், அறைக்கு வெளியே, பழகியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில். ஆர்டர் போட்ட பொருள் வந்து சேரும்வரை ஆயில் வடிப்பதை ஷிப்ட் நேரத்திலிருந்து மாற்றி, கூடம் கழுவி முடித்துப் பெண்கள் வெளியேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை.