ஓரத்தில் போகலாம், ஒட்டிப் போகக் கூடாது

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில் விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் வழியாக வேலூர் டவுனில் உள்ள பள்ளிக்குப் போகிறாள். 'ஓரமா போ' என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்படியும் பஸ்கள் உரசுவதுபோலப் போகின்றன என்கிறாள். அதே ரோட்டில் நான் பைக்கில் வரும்போது ஒரு பெரியவர் சைக்கிளைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பிவிட்டார்; மயிரிழையில் தப்பினோம். தப்பு யார் மேல்? என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அடுத்த நொடி அந்தச் சைக்கிள் எங்கே இருக்கும் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை. தெரியும்படி ஓட்டுவது சைக்கிளில் போகிறவர் வேலை. தெரியாதவரை இடம் விட்டு வருவது வண்டிக்காரர் வேலை.

மகளிடம் 'ஓரமா போ' என்பதற்குப் பதிலாக, 'ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளிப் போ' என்று சொல்லுங்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல ரோடுகளில் இரண்டு மூன்று அங்குலப் பள்ளம் இருக்கும். முன் சக்கரம் அதில் இறங்கிவிட்டால், ஓடும்போதே மறுபடி ஏற்றப் பார்ப்போம். டயர் தார் விளிம்பில் உராய்ந்து மேலே ஏறாது. ஆள் வலப்பக்கமாக, அதாவது பஸ் வரும் பக்கமாகவே விழுவார். பாலத்தின் மேல் மண் ஓரம் கிடையாது, ஆனால் கைப்பிடிச் சுவரோரம் மணல் சேர்ந்திருக்கும். அங்கே பிரேக் பிடித்தால் சறுக்கும். இன்னொன்று, ஓரத்தை ஒட்டிப் போகும் சைக்கிளைப் பார்க்கும் டிரைவர், ஸ்டியரிங்கைத் திருப்பாமலே இதைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். மூன்றடி தள்ளிப் போனால் அவர் விலகியாக வேண்டும், இல்லையென்றால் பின்னால் காத்திருக்க வேண்டும். உரசல் குறைவது இதனால்தான்.

வழியில் கார்கள் நின்றால் அவற்றுக்கு இடையே உள்ளே போய் வெளியே வருவது கூடாது. நேர்கோட்டிலேயே போகட்டும். கதவு திறந்தாலும் இடிக்காத தூரம், நாலடி.

பெரியவர் திரும்பிய கதைக்கு வருவோம். வலப்பக்கம் திரும்புவதில் ஒரு வரிசை உண்டு. திருப்பத்துக்கு 30 மீட்டர் முன்பே, ஏறக்குறைய மூன்று பஸ் நீளத்தில், வலத்தோள் வழியாகப் பின்னால் பார்க்க வேண்டும். அதன் பிறகு கை நீட்ட வேண்டும். இடம் கிடைத்தால் மெல்ல நடுவுக்கு வந்து, எதிரே காலியானதும் திரும்பலாம். நம் ஊரில் பலரும் கையை நீட்டியபடியே திருப்பிவிடுகிறார்கள், பார்ப்பதே இல்லை. பார்க்காமல் நீட்டிய கையால் பயனில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வரிசையும் வேண்டாம் என்பேன். புது பஸ் ஸ்டாண்டு, கிரீன் சர்க்கிள் போன்ற இடங்களில் இடப்பக்கமே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களோடு கடக்கட்டும். இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கும் லாரிக்கும்தான். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை. நாலைந்து அடி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று பக்கத்தில் நிற்கும் சைக்கிளின் மேல் பின்சக்கரம் ஏறுவது இப்படித்தான். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், இடது கதவுக்குக் கீழே ஒட்டி நிற்பவர் கண்ணாடியிலும் தெரிய மாட்டார். மகளுக்கு ஒரே விதி: நிற்கும் அல்லது மெதுவாகும் பஸ்ஸின் இடப்பக்கச் சந்தில் நுழையவே கூடாது. பின்னாலேயே நிற்கட்டும். அந்தச் சந்தில்தான் பஸ்ஸிலிருந்து ஆட்களும் இறங்குவார்கள்.

சத்துவாச்சாரி பக்கம் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் சைக்கிள் போவது சாதாரணமாகிவிட்டது. சுற்றிப் போகச் சோம்பல்! எதிரெதிரே வரும்போது வேகங்கள் கூடும்: சைக்கிள் 15, பைக் 40 என்றால் மோதல் 55 கிலோமீட்டர் வேகத்தில். அதோடு, சந்திலிருந்து சர்வீஸ் ரோட்டில் சேருகிறவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். நீங்கள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருவீர்கள்.

இனி உங்கள் பைக்குக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 16, 17 மீட்டர் போய்விடும். அதன் பிறகு நிற்க இன்னும் 10 மீட்டர், அதுவும் காய்ந்த ரோட்டில். சைக்கிளைத் தாண்டும்போது ஐந்தடி இடைவெளி விடுங்கள். அது இல்லையென்றால் 20க்கு இறங்கிப் பின்னாலேயே வாருங்கள். சைக்கிள் ஒரு குழியைத் தவிர்க்கவே இரண்டடி விலகும், அதை 'சட்டென்று' என்று குறை சொல்ல முடியாது. ஹாரனை 30, 40 மீட்டர் தொலைவிலேயே ஒரு தடவை அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அலறவிட்டால் ஆள் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பும். சைக்கிளுக்கு இடப்பக்கமாகத் தாண்டவே கூடாது. கார் ஓட்டுபவர்கள் கதவை வலக்கையால் திறக்காமல் இடக்கையால் திறக்கட்டும். உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்பக்கம் போகும்.

சைக்கிளையும் ஒரு தரம் பாருங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். லீவர் ஹேண்டில் பிடியைத் தொட்டால் கேபிளை இறுக்க வேண்டும். மழையில் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிப்பு அப்புறம்தான் வரும். அதனால் முன்கூட்டியே மெல்லப் பிடித்துப் பழகட்டும். புத்தகப் பை ஹேண்டிலில் தொங்கினால் சைக்கிள் ஆடும், பையின் வார் ஸ்போக்கில் சிக்கும். பையைப் பின் கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உடைக்குள் செருகுவது நல்லது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும்.

மாலை டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பினால், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை, பெடல்களில் மஞ்சள் இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் மேலும் கீழும் போவதால் அந்த மஞ்சள்தான் 'இது சைக்கிள்' என்று டிரைவருக்குக் காட்டிக்கொடுக்கும். ஒரு சின்னச் சிவப்பு விளக்கையும் பின்னால் மாட்டிவிடுங்கள். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, வாங்கித் தந்தால் நல்லது. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே உட்கார வேண்டும், பின்னந்தலையில் சாய்ந்திருந்தால் பலனில்லை.

தப்பு யார் மேல் என்றால், பங்கு பிரிப்பது நீதிமன்றம். சைக்கிளில் போனவர் கவனக்குறைவாக இருந்தாலும் இழப்பீடு முழுக்கப் போய்விடாது, அவர் பங்கு அளவுக்குக் குறையும். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் சைக்கிள்காரரும் அடக்கம். ஆகவே உங்கள் பைக்கின் இன்சூரன்ஸ் காலாவதியாகாமல் இருக்கட்டும். காலாவதியானால் பணம் உங்கள் கையிலிருந்து போகும். மோதிவிட்டால் ஓட்டுநர் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்து, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. வழியில் பார்த்து 108-ஐ அழைத்து உதவியவர் மேல் வழக்கு வராமல் 134ஏ பிரிவு காக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.