சீலியா வழக்கில் தற்காப்பு உரிமை ஏன் செல்லவில்லை?

தற்காப்புக் கொலை என்பது, தன்மீது பெருங்குற்றம் நடக்கும்போது அதைத் தடுக்கச் செய்யும் கொலை. அதைச் சட்டம் மன்னிக்கும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1845 சட்டம், 'எந்தப் பெண்ணையும்' பலவந்தப்படுத்துவது குற்றம் என்றது. 1850-இல் ராபர்ட் நியூசம் என்ற பண்ணைக்காரர் சீலியா என்ற அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்கினார். அப்போது அவளுக்குச் சுமார் 14 வயது. ஐந்து ஆண்டுகள் அவளை வன்புணர்ந்தார். 1855 ஜூன் 23 இரவு மறுபடி அவள் குடிசைக்கு வந்தவரைத் தடியால் அடித்தாள். இரண்டாம் அடியில் அவர் இறந்தார். உடலைத் தன் கணப்படுப்பிலேயே எரித்தாள்.

'எந்தப் பெண்ணும்' என்றால் அடிமைப் பெண்ணும்தானே என்று வாதிட்டார் வழக்கறிஞர் ஜான் ஜேம்சன். தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரிக்கு அப்படிச் சொல்ல நீதிபதி வில்லியம் ஹால் மறுத்துவிட்டார். காரணம் எளிது, கொடியதும்கூட: அடிமை என்பவள் ஓர் உடைமை, உடைமையாளர் தன் உடைமையிடம் எது செய்தாலும் அது அத்துமீறல் ஆகாது என்பதே அன்றைய பார்வை. பொதுக்கிணறு என்று பலகை மாட்டிவிட்டு, குடத்தோடு வந்தவளிடம் 'நீயே ஊர்ச் சொத்து, உனக்கேது தண்ணீர்' என்பது போல. வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லவும் முடியாது. அதனால் விசாரணையில் அவள் தானே சாட்சி சொல்லவில்லை.

தீர்ப்பு, தூக்கு. சிறையில் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. 1855 டிசம்பர் 21 அன்று தூக்கிலிட்டார்கள்.

அடிமைகளுக்கு விசாரணையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள்; சீலியாவுக்கு மூன்று வழக்கறிஞர்கள், 12 பேர் ஜூரி, மேல்முறையீடு எல்லாமே இருந்தன.