பிற்போட்டது யார், தம்பி?

கேள்வி: "அம்மாவின் கண் ஒப்பரேஷன் பிற்போடப்பட்டுள்ளது" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சென்னையில் வளர்ந்த அண்ணி, "அப்படி ஒரு சொல்லே இல்லை, 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்பதுதான் சரி" என்கிறார். எது சரி? நிலாவெளியில் ரூம் வாடகைக்கு விடுகிறேன். சீசன் முடியட்டும் என்று இரண்டாவது தடவையும் தள்ளியாயிற்று. அம்மா சமாளிக்கிறா. அரிசியில் கல் பொறுக்க மட்டும் என் மகளைக் கூப்பிடுவா.
– உப்புவெளி வாசகர்

பதில்: இரண்டும் சரி. பரீட்சையோ தேர்தலோ தள்ளிப்போனால் நம் இலங்கைப் பேப்பர்கள் 'பிற்போடப்பட்டது' என்று எழுதும், தமிழ்நாட்டுப் பேப்பர்கள் 'ஒத்திவைப்பு' என்று எழுதும். அண்ணிக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். கோபத்தையும் காணிச் சண்டையையும் 'ஆறப்போடலாம்'. அது நல்ல காரியம். கண்ணை ஆறப்போட முடியாது.

சரி, அந்த அரிசிக்கு வருவோம். எத்தனை வருஷம் உங்களுக்குக் கல் பொறுக்கிச் சோறு போட்ட கை அது? இப்போது சுளகைப் பேத்தியிடம் நீட்டுகிறது. அதைக் கடிதத்தின் கடைசி வரியில், 'மட்டும்' என்று சேர்த்து எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சமாளிக்கிறாவாம்! தடவித் தடவி நடப்பதற்கு நீங்கள் வைத்த பெயர் அது.

'பட்டுள்ளது' என்று எழுதினால் செய்தவன் ஒளிந்துகொள்ளலாம். பிற்போட்டது ஆஸ்பத்திரியா? நீங்கள். திருகோணமலையில் சாக்குக்கும் பஞ்சமில்லை: மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன், அது முடிந்தால் மாரி மழை. அம்மாவுக்கு எந்த மாதம் மிச்சம்? அது கண்புரைப் படலம் என்றால் சொட்டு மருந்தில் கரையாது. முற்றினால் ஒப்பரேஷன்தான் சிக்கலாகும். பெரும்பாலும் ஒரு மணித்தியாலம்கூட ஆகாத வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு நாள் ரூமைப் பூட்டினால் கடல் வற்றிவிடாது.

இப்படித் தள்ளிப்போடும் குணத்துக்கு வள்ளுவர் 'நெடுநீர்' என்று பெயர் வைத்தார். கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு என்று 605ஆம் குறளில் சொல்லி, மறதி, சோம்பல், தூக்கம் மூன்றுக்கும் முன்னால் இதைத்தான் நிறுத்தினார். துறைமுகத்து ஆளுக்கு மரக்கலத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பெற்றவளின் உடம்புக்குப் பிறகுதான் பிள்ளையின் வியாபாரம். நான் அந்தக் காலத்து ஆள், அப்படித்தான் சொல்வேன். நாளைக் காலை கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்த் திகதி வாங்குங்கள். வந்து குழுவில் போடுங்கள்: "இரண்டு தடவையும் நான்தான் தள்ளிப்போட்டேன். இன்ன திகதிக்கு அம்மாவைக் கூட்டிப்போகிறேன்." அந்தத் தமிழில் அண்ணி பிழை பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.