போள்களுக்குள் ஒரு காலை நடை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் ஜனவரியில் மகளைப் பார்ப்பதற்காக நானும் கணவரும் அகமதாபாத் செல்கிறோம். பழைய நகருக்குள் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும் ‘ஹெரிடேஜ் வாக்’ பற்றி மகள் சொன்னாள். எனக்குப் போக ஆசை. ஆனால் முன்பு வேறொரு நகரில் முப்பது பேருடன், கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டிய ஒருவரின் பின்னால் நடந்த அனுபவம் நன்றாக அமையவில்லை. பின்னால் நின்ற எங்களுக்குப் பாதி கேட்கவில்லை; கேட்ட பாதியும் ராஜா ராணிக் கதைகள். கைபேசியில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்கிறார் என் கணவர். எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. மக்கள் குடியிருக்கும் தெருக்களில் கூட்டமாகச் சென்று அவர்களின் வீடுகளை வேடிக்கை பார்ப்பது முறைதானா? நீங்கள் அந்நகரைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் செல்லுங்கள், ஆனால் எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேற்படாத குழுவாகப் பார்த்துச் செல்லுங்கள். இதை வசதிக்காகச் சொல்லவில்லை. அந்த நகரம் கட்டப்பட்ட விதமே பெரிய கூட்டத்திற்கு இடம் தருவதில்லை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

அகமதாபாத்தின் பழைய நகரம் சபர்மதியின் கிழக்குக் கரையில் 1411-இல் குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷாவால் நிறுவப்பட்டது. அதன் மதிற்சுவர் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. வாயில்கள் பல இன்றும் போக்குவரத்தின் நடுவே தனியாக நிற்கின்றன. மதிலுக்குள் இருந்த குடியிருப்புகளைப் ‘போள்’ என்கிறார்கள். ஒரு சாதியையோ தொழிலையோ சமயத்தையோ சேர்ந்த குடும்பங்கள் ஒரே வாயிலுக்குப் பின்னால், முட்டுச்சந்துகளாகக் கிளைபிரியும் தெருக்களில் நெருங்கி வாழ்வதற்காக ஏற்பட்ட அமைப்பு அது. வாயிலுக்கு மேலே காவற்காரர் தங்க ஓர் அறை இருக்கும். இரவில் வாயிலை அடைத்துவிடுவார்கள். கலவரமும் கொள்ளையும் மிகுந்த காலங்களில் உள்ளே இருப்பவர்கள் தப்பிச் செல்வதற்காக, ஒரு வீட்டின் பின்புறம் வழியாகவோ சுவரோடு சுவராகத் தோன்றும் ஒரு கதவின் வழியாகவோ அடுத்த போளுக்குச் செல்லும் மறைவழிகளும் உண்டு. சுருங்கச் சொன்னால், அந்நியர் நுழையக் கூடாது, நுழைந்தாலும் வழி தெரியாமல் திகைக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் கட்டப்பட்ட தெருக்கள் அவை.

உங்கள் கணவரின் வரைபடம் இங்கேதான் தோற்கும். அது ஒரு தெரு எங்கே முடிகிறது என்று காட்டும். முடிந்த இடத்திலுள்ள கதவைத் தள்ளினால் மறுபக்கம் இன்னொரு தெரு திறக்கும் என்பதைக் காட்டாது. காட்டினாலும் அந்தக் கதவைத் தள்ளும் உரிமையை உங்களுக்குத் தராது. வழிகாட்டி அந்தத் தெருவில் பல காலமாக வந்துபோகிறவர், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு அவரைத் தெரியும், ‘இவர்கள் என்னுடன் வந்தவர்கள்’ என்ற ஒரு தலையசைப்பில் கதவு திறக்கிறது என்பதே அவருக்கு நாம் கொடுக்கும் கட்டணத்தின் பெரும்பகுதி என்பேன். அவர் சொல்லும் தகவல்களைப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

அகமதாபாத் மாநகராட்சி இந்த நடையை 1997 நவம்பரில் தொடங்கியது. கொல்கத்தாவில் பழைய கட்டடங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருந்த தேபாஷிஷ் நாயக் என்ற கட்டடக்கலைஞர் இதை வடிவமைத்தார். பழைய நகரின் காலுப்பூர் பகுதியில் 1822-இல் எழுந்த சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, 1424-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜும்மா மசூதியில் முடிகிறது. ‘மந்திரிலிருந்து மஸ்ஜித் வரை’ என்று அதைக் குறிப்பிடுவார்கள். தூரம் அதிகமில்லை, இரண்டு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் நின்று நின்று நடப்பதால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். 2017-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுவே. அதன்பிறகு தனியார் நடத்தும் நடைகள் பெருகிவிட்டன. முழுக்கச் சமையலைப் பற்றி, மர வேலைப்பாட்டைப் பற்றி, இரவில் மட்டும் என்று பல வகைகள் இருக்கின்றன. முதல் முறை செல்பவருக்குப் பழைய காலை நடையே போதும்.

ராஜா ராணிக் கதைகள் இங்கும் உண்டு. வேட்டைக்கு வந்த அகமது ஷா, ஒரு முயல் நாய்களை எதிர்த்து விரட்டுவதைக் கண்டு, இத்தகைய வீரம் தரும் மண்ணிலேயே தலைநகரை அமைப்பேன் என்று முடிவு செய்தாராம். கேட்டவுடன் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். பாஞ்சாலங்குறிச்சிக்கும் நாம் இதே கதையைத்தான் சொல்கிறோம், ஹம்பியிலும் சொல்கிறார்கள். ஊர் ஊராக அலையும் அந்த முயலைக் கடந்து, வழிகாட்டியிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

போளில் உள்ள பழைய வீடுகளில் ‘சௌக்’ எனப்படும் முற்றம் இருக்கும். அந்த முற்றத்திற்கு அடியில் ‘டாங்கா’ என்ற நிலத்தடித் தொட்டி இருக்கிறது. கூரையில் விழும் மழைநீரைக் குழாய்கள் வழியாக அதில் இறக்குவார்கள். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை வெளியே விட்டுவிட்டு, சூரியன் மக நட்சத்திரத்தில் நிற்கும் ஆவணி மாத மழையைச் சிறப்பாகப் பிடித்து வைப்பது வழக்கம். வெயிலும் காற்றும் படாமல், சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்குள் இருக்கும் அந்த நீர் ஆண்டு முழுவதும் கெடாமல் குடிக்க உதவியது. தரையில் வட்டமான சிறு மூடி ஒன்று மட்டும் வெளியே தெரியும். யாராவது சுட்டிக்காட்டாவிட்டால் அதன்மேலேயே மிதித்து நடந்துவிடுவோம். காற்றும் வெளிச்சமும் அந்த முற்றத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்குகின்றன. தெருவின் இருபுறமும் வீடுகள் உயரமாக, மேல்தளம் சற்று முன்தள்ளி நிற்பதால், மே மாதத்திலும் தரையில் வெயில் படும் நேரம் குறைவு.

மரத்தையும் கவனியுங்கள். தூண்களிலும் தாங்குகட்டைகளிலும் உள்ள செதுக்கு வேலையைப் பார்த்து எல்லோரும் படமெடுக்கிறார்கள். செங்கற்சுவருக்குள்ளேயே இடையிடையே படுக்கைவாட்டில் செல்லும் மரச் சட்டங்களை யாரும் பார்ப்பதில்லை. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கம் இந்நகரை உலுக்கியபோது, ஆற்றின் மறுகரையில் புதிதாக எழுந்த அடுக்குமாடிகள் பல சரிந்து விழ, போள் வீடுகளில் பெரும்பாலானவை விரிசலோடு நின்றன. கட்டடத்தை இறுக்காமல் சற்று அசைய விடும் அந்தச் சட்டங்களுக்கு அதில் முக்கியப் பங்குண்டு. தெருக்கள் கூடும் இடங்களில் மரக் கம்பத்தின் உச்சியில் சிறு மண்டபம் போல நிற்கும் ‘சபுத்ரோ’ பறவைகளுக்குத் தானியம் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. மரம் வளர இடமில்லாத தெருவில் பறவைக்கு ஓர் இடம். சமணர் மிகுந்த போள்களில் அது அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் வீடுபோலவே தோன்றி, உள்ளே சென்றதும் பளிங்கில் ஒளிரும் சமணக் கோயில்களும் வழியில் வரும். தோல் பொருட்களை வெளியே விட்டுச் செல்ல வேண்டும், படமெடுக்க விடமாட்டார்கள்.

குழு சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போளில் பூட்டிய வீடுகள் நிறைய. பிள்ளைகள் ஆற்றைக் கடந்து மேற்கே குடியேறிவிட்டார்கள். வீடு கிடங்காகவோ பட்டறையாகவோ மாறியிருக்கும். சில இடங்களில் செதுக்கிய தாங்குகட்டைகளைக் கழற்றிப் பழம்பொருள் வணிகருக்கு விற்றுவிட்டு வெறும் சுவர் மட்டும் நிற்கும். 1969, 1985, 2002 ஆண்டுகளின் கலவரங்களில் சில போள் வாயில்கள் மறுபடியும் எல்லைகளாக மாறின. சொத்து விற்பனைக்கு ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்று கூறும் ‘தொந்தரவுக்குள்ளான பகுதிகள்’ சட்டம் அங்கே நடைமுறையில் இருப்பதால், யார் யாருக்கு வீட்டை விற்கலாம் என்பதுகூட அரசின் கையில் இருக்கிறது. கோயிலில் தொடங்கி மசூதியில் முடியும் ஒரு பாதை, நடுவே இதையெல்லாம் தாண்டித்தான் செல்கிறது. முப்பது பேர் முன்னிலையில் ஒலிபெருக்கியில் எந்த வழிகாட்டியும் இதைப் பேசமாட்டார்; பேசாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் அவருடைய அண்டைவீட்டார். ஆறு பேர் நடக்கும்போது, ஒருவர் பக்கத்தில் சென்று மெதுவாகக் கேட்டால் சொல்வார். என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வேடிக்கை பார்ப்பது முறையா என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. அது உங்களிடம் இருக்கும்வரை பெரிய தவறு எதுவும் நடந்துவிடாது. திண்ணை அங்கே தெருவின் பகுதியன்று, வீட்டின் பகுதி. அழைக்காமல் அமர வேண்டாம். விதிவிலக்கு ஒன்றே. லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் (1820–1898) வீடு இருந்த இடத்தில் அதன் முகப்பை மட்டும் மீட்டுக் கட்டி, அவரை அமர்ந்த கோலத்தில் வெண்கலச் சிலையாக வைத்திருக்கிறார்கள். அவர் பக்கத்தில் யாரும் அமரலாம், சிறுவர்கள் மடியிலேயே ஏறிவிடுவார்கள். மற்ற இடங்களில், பாத்திரம் துலக்கும் பெண்ணையோ பள்ளிக்குக் கிளம்பும் குழந்தையையோ கேட்காமல் படமெடுப்பதைத் தவிருங்கள். காலை எட்டு மணி என்பது நமக்குச் சுற்றுலா நேரம், அவர்களுக்கு அது அவசர நேரம். இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே ஒரு ஸ்கூட்டர் நின்றுவிடும் தெரு என்பதை மறக்க வேண்டாம். இவ்வளவும் செய்தால் பலர் தாமாகவே பேச்சுக் கொடுப்பார்கள். குஜராத்திகள் விருந்தினரிடம் ஊர், பேர், பிள்ளைகள் எத்தனை என்று விசாரிப்பதில் நமக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

முன்பதிவு செய்யும்போது, அன்று எத்தனை பேர் வருகிறார்கள், எந்த மொழியில் பேசுவார்கள், ஏதேனும் ஒரு வீட்டுக்குள் அழைத்துச் செல்வார்களா என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். வார நாள் நல்லது. ஜனவரி 14, 15 இரண்டு நாட்களும் உத்தராயணம்; நகரம் முழுவதும் பட்டம் விட மொட்டைமாடியில் இருக்கும் என்பதால் தெரு நடைக்கு அந்நாட்கள் ஏற்றவையல்ல. பட்டத்தைப் பார்ப்பதானால் போள் வீட்டு மொட்டைமாடிகளையே அந்நாட்களில் வாடகைக்கு விடுகிறார்கள், மகளிடம் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

நடை ஜும்மா மசூதியில் முடிந்ததும் உடனே ஆட்டோ ஏறிவிடாதீர்கள். இருநூற்று அறுபது தூண்கள் நிற்கும் அந்தத் தொழுகை மண்டபத்தில், இந்துக் கோயில்களும் சமணக் கோயில்களும் கட்டிப் பழகிய கைகளின் வேலை தெளிவாகத் தெரியும். முகப்பின் இருபுறமும் பாதியில் நிற்பவை 1819 நிலநடுக்கத்தில் மேற்பகுதி விழுந்த மினார்கள். பக்கத்திலேயே மாணெக் சௌக். காலையில் காய்கறி, பகலில் தங்கம் வெள்ளி வணிகம், இரவில் உணவுக்கடைகள் என்று ஒரே சதுக்கம் மூன்று தொழில் செய்கிறது. இரவில் வருவதற்கு வழிகாட்டி தேவையில்லை, பசி போதும்.

உங்கள் கணவரின் வரைபடத்திற்கும் அங்கே வேலை இருக்கிறது. பத்ரா கோட்டை, மூன்று வளைவுகள் கொண்ட தீன் தர்வாஜா வாயில், மரக்கிளைகள் பின்னிக்கொண்டிருப்பதுபோல் கல்லில் இழைத்த ஜன்னல்களுக்குப் புகழ்பெற்ற சிதி சையத் மசூதி, நகருக்கு வெளியே சர்கேஜின் மசூதி, கல்லறை வளாகம், வடக்கே அடாலஜ் படிக்கிணறு ஆகியவை எல்லாம் திறந்த இடங்கள். அவற்றைத் தனியாக, விரும்பிய நேரம் நின்று பார்ப்பதே நல்லது. நடையை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

அன்புடன்