சில சிறைப் படங்கள் மட்டும் நம்மை அழ வைப்பது ஏன்?

அடி, உதை, இருட்டறை என்று காட்டும் சிறைப் படங்கள் ஏராளம். அவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் கோபம்தான் வரும். கண்ணீர் வர, அந்த ஆள் எதை இழந்தான் என்பது நமக்கு மெல்ல மெல்லப் புரிய வேண்டும்.

1994இல் வந்த ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தின் ப்ரூக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 வருடம் உள்ளே இருந்த முதியவர். சிறை நூலகத்தைக் கவனித்துக்கொண்டு, ஒரு காக்கையையும் வளர்க்கிறார். பரோல் கிடைத்ததும் மிரண்டுபோய், உள்ளேயே இருந்துவிடலாம் என்று சக கைதியின் கழுத்தில் கத்தி வைக்கிறார்! வெளியே வந்தால் எங்கும் கார்கள், மளிகைக் கடையில் சாமான்களைப் பையில் போடும் வேலை, தனி அறை. அங்கே அவரை யாரும் அடிப்பதில்லை. உள்ளே மதிப்போடு இருந்த மனிதர் வெளியே ஓர் ஆளாகவே இல்லை. அதைத்தான் தாங்க முடிவதில்லை. அவர் கடிதம் அவர் குரலிலேயே ஓட, தூக்கில் தொங்கிவிடுகிறார்.

அதே இயக்குநர் ஃப்ராங்க் டாரபான்ட் 1999இல் எடுத்த ‘தி க்ரீன் மைல்’ வேறு வழி. மரண தண்டனைக் கைதி ஜான் காஃபி நிரபராதி என்று தெரிந்த காவலர்களே அவனை மின்சார நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். அவர்கள் கலங்கும்போது நாமும் சேர்ந்து அழுகிறோம். அது கொஞ்சம் வலிந்து அழ வைப்பதாகவே எனக்குப் படும். என் ஓட்டு ப்ரூக்ஸுக்குத்தான்.