டேப்லெட் விளையாட்டும் ஆட்டிசம் மதிப்பீடும்: வாசகர் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ஆறு வயது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் டேப்லெட் விளையாட்டில் முதலில் பாதிதான் சரியாகச் சொன்னான். இப்போது முழு மார்க். ஆனால் நான் எதிரில் அழுதாலும் அவனுக்குப் புரிவதில்லை. எதை நம்புவது?
— ஓர் அம்மா, கோத்தகிரி

நீங்கள் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள், அம்மா. மார்க் பொய்யில்லை, ஆனால் அது வேறொன்றை அளக்கிறது. அதே இருபது முப்பது படங்கள் சுற்றிச் சுற்றி வந்தால், 'மஞ்சள் சட்டைப் பையன் என்றால் கோபம்' என்று மனப்பாடம் ஆகிவிடும். படத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன விவரத்தைக்கூட இந்தக் குழந்தைகளில் பலர் விடமாட்டார்கள்.

உங்கள் போனிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவனுக்குப் பழக்கமான நான்கு பேரை ஒரே சுவரின் முன்னால், அதே உடையில் நிறுத்தி மகிழ்ச்சி, கோபம், வருத்தம், பயம் என ஆளுக்கு நான்கு படம் எடுங்கள். பதினாறையும் கலைத்துக் காட்டுங்கள். இதில் மார்க் சரிந்தால் முன்பு வேலை செய்தது நினைவாற்றல். சரியாமல் இருந்தால், அசையாத படத்தில் அவனுக்கு உணர்ச்சி தெரிகிறது. நிஜத்தில் முகம் நொடிக்கு நொடி மாறுகிறது, கூடவே குரலும் சேர்கிறது. சிக்கல் அங்கே இருக்கலாம். இந்த இரண்டு முடிவுக்கும் பயிற்சி வேறு வேறு. அதனால் படங்களையும் பதில்களையும் தெரபிஸ்டிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அமெரிக்காவில் கணினி விளையாட்டு வழியாகவே குழந்தைகளின் சமூகத் திறனை அளக்கிறார்களாமே? எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டேப்லெட். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஆட்டிசம் உள்ள மாணவனுக்கு அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
— சிறப்பு ஆசிரியர், மஞ்சூர்

முடியும். நீங்கள் சொல்வது போன்றவற்றில் ஒன்று 'ஜூ யூ'. குழந்தை ஒரு கற்பனைப் பள்ளிக்குள் நுழைந்து அங்கு வரும் சிக்கல்களைத் தீர்க்கும். உணர்ச்சிக் கட்டுப்பாடு, ஒத்துழைப்பு, பரிவு உள்ளிட்ட ஆறு திறன்களை விளையாட்டு பின்னணியில் கணக்கிடும். ஆனால் அது ஆங்கிலத்தில் பேசுகிறது, அமெரிக்கப் பள்ளி வழக்கத்தைக் கேட்கிறது. வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைக்குக் கேள்வி புரியாமல் போனால், அதுவும் சமூகத் திறன் குறைவு என்றே பதிவாகும்.

அதைவிட, டேப்லெட்டில் இருவர் ஆடும் ஜோடி சேர்க்கும் சீட்டு விளையாட்டு போதும். 12 சீட்டு, 6 ஜோடி. ஜோடி கிடைத்தவர் மறுபடி ஆடலாம் என்ற விதி இருந்தால் அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யார் முறை என்பதே குழம்பும். காத்திருக்கத் தெரியவில்லையா, விதி புரியவில்லையா என்று பிரிக்க முடியாது. விளம்பரம் குறுக்கே வராதபடி ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒலியைக் குறைத்து, டேப்லெட்டை இருவருக்கும் நடுவே மேசையில் கிடத்துங்கள். துணைக்கு அதே வகுப்புப் பிள்ளை வேண்டும். அக்காவோ அண்ணனோ கூடாது. அவர்கள் பழக்கத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், குறை வெளியே தெரியாது.

நீங்கள் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, பத்து நிமிடம் முறைக்கு முறை குறியுங்கள். தானாகக் காத்திருந்தால் 0, சைகை தேவைப்பட்டால் 1, சொல்ல வேண்டியிருந்தால் 2, கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தால் 3. ஜோடி கிடைத்ததும் துணையின் முகத்தைப் பார்த்தானா, திரையை மட்டும் பார்த்தானா என்பதைத் தனியாகக் குறியுங்கள். ஜெயித்தான், தோற்றான் என்பது இந்தத் தாளில் வேண்டாம்.

நடுவே ஒரு காரியம் செய்யுங்கள். தன் முறை வந்தும் ஆடாமல் சும்மா இருக்கும்படி துணைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். உங்கள் மாணவன் "உன் முறைடா" என்கிறானா, தோளைத் தொடுகிறானா, அவனுக்கும் சேர்த்துத் தானே ஆடிவிடுகிறானா, எழுந்து போகிறானா? முழு ஆட்டத்திலும் மதிப்பு மிகுந்த அரை நிமிடம் அதுதான். எந்த ஆப்பும் அதைப் பதிவு செய்யாது.

பிறகு இதையே காகிதச் சீட்டில் ஆடவிடுங்கள். டேப்லெட்டில் பொறுக்காதவன் காகிதத்தில் பொறுத்தால், அவனை இழுத்தது திரையின் கவர்ச்சி. இடைவேளையிலும் பத்து நிமிடம் கவனியுங்கள். மூன்று இடத்துக் குறிப்பையும், வேறு வேறு நாளில் மூன்று முறையாவது எடுத்து, பக்கத்தில் பக்கம் வையுங்கள்.

வேகத்தை அளக்கும் விளையாட்டு என்றால் கூடுதல் கவனம் தேவை. 2016இல் வந்த ஓர் ஆய்வில், 3 முதல் 6 வயது வரையுள்ள ஆட்டிசம் குழந்தைகள் திரையைத் தொடும் விதமும் அழுத்தமும் மற்றக் குழந்தைகளிடமிருந்து வேறுபட்டன. ஆகவே முகம் தேர்ந்தெடுக்கும் பத்துச் சுற்றுக்குப் பின், அதேபோல பஸ் படம் தேர்ந்தெடுக்கும் பத்துச் சுற்று வையுங்கள். இரண்டிலும் தாமதம் என்றால் காரணம் கை, கவனம் அல்லது மொழி. முகத்தில் மட்டும் தாமதம் என்றால்தான் மேலே ஆராய வேண்டும். உங்கள் பக்கம் ஜனவரிக் காலையில் விரல் விறைத்துக் காய்ந்திருக்கும். தொடுதிரை சில தொடுதல்களை வாங்காது. வெயில் வந்தபின், கையைச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

என் மகள், 9 வயது, தோழிகளோடு ஆன்லைனில் சேர்ந்து விளையாடுகிறாள். ஆனால் டாக்டர் ஆட்டிசம் மதிப்பீடு செய்யச் சொல்கிறார். தேவையா?
— ஒரு தந்தை, குன்னூர்

தேவைதான். அந்த விளையாட்டில் விதி எழுதி வைத்திருக்கிறது, முகம் பார்க்க வேண்டியதில்லை, அடுத்து என்ன என்பது தெரியும். பள்ளி மதிய உணவு வரிசையில் இந்த மூன்றும் கிடையாது. பெண் குழந்தைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளிப்பதால் பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது. நம் நாட்டில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. சமூக உறவோடு பேச்சு, நடத்தை, புலனுணர்வு எல்லாம் அதில் வரும். அவள் எதைச் சிரமமில்லாமல் செய்கிறாள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பேத்திக்கு 22 மாதம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. போனில் ஆப் போட்டு ஆட்டிசமா என்று பார்த்துவிடலாமா?
— ஒரு தாத்தா, பந்தலூர்

வேண்டாம் ஐயா. இந்த வயதுக்கு விளையாட்டு ஆப் சரிப்படாது. 16 முதல் 30 மாதம் வரை எம்-சாட்-ஆர் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. ஆம், இல்லை என்று பெற்றோர் பதில் சொன்னால் போதும். 3 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, அடுத்த கட்டம் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை வாங்குங்கள். முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். திரும்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். குழு வரும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், நேரடியாகவும் போகலாம்.