பாம்பனுக்கு வந்தபின் நின்றுபோன சர்க்கரை மாத்திரை

தொண்டியிலிருந்து பாம்பனுக்குக் குடிபெயர்ந்தபின் உங்கள் தந்தையாருக்கு வீடு தேடி வந்த சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது என்பதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டைக் காட்டினால், சோதித்துப் பார்த்து இலவசமாகவே தருவார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் பகுதிவாரிப் பட்டியலைக் கொண்டே வருவதால், அவர் பெயர் இன்னும் தொண்டிப் பட்டியலிலேயே இருக்கக்கூடும். பெயர் பாம்பன் பட்டியலுக்கு மாற்றப்பட்டுள்ளதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தந்தையார் கடலுக்குப் போகாமல் கரையில் இருக்கும் நாட்களையும் சொல்லிவையுங்கள்.

அதுவரை மாத்திரையை ஒருநாளும் விட வேண்டாம். உப்புநீரில் நின்று வேலை செய்பவர் என்பதால் பாதங்களைத் தினமும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால், வீட்டு வருகைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.